வீட்டில் படிக்கும் பிள்ளையும் வீட்டில் இருக்கும் பிள்ளையும்

(தாம்பரத்தில் வணிகர்களும் இளைஞர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

பல்லாவரம் முதல் கூடுவாஞ்சேரி வரை கடை வைத்திருக்கும் நம்மவர்களிடம் ஒரு பேச்சு அடிபடுகிறது. "பள்ளிக் கட்டணம் கட்டி மாளவில்லை. பிள்ளை வீட்டிலேயே படிக்கட்டுமே! அமெரிக்காவில் அப்படிப் படித்தவர்கள் நன்றாக வருகிறார்களாமே!" என்கிறார்கள். அந்தப் பேச்சை இன்று கொஞ்சம் நிறுத்துப் பார்ப்போம்.

வீட்டில் படித்த பிள்ளைகள் சராசரியை விடக் கூடுதல் மதிப்பெண் பெற்றதாக அமெரிக்க ஆய்வுகள் பல கூறுவது உண்மை. ஆனால் அவற்றில் பலவும் தாமாக முன்வந்த குடும்பங்களை மட்டும் வைத்து எழுதப்பட்டவை. கூடையின் மேலே அடுக்கிய தக்காளியைப் பார்த்து மொத்தக் கூடைக்கும் விலை பேசும் வியாபாரி நம்மில் உண்டா?

2011-இல் கனடாவில் வெளியான ஆய்வு ஒன்று இன்னும் தெளிவானது. பள்ளி செல்லும் 37 பிள்ளைகளையும் வீட்டில் படிக்கும் 37 பிள்ளைகளையும் சோதித்தார்கள். பாடத்திட்டம் வைத்து ஒழுங்காகக் கற்பிக்கப்பட்ட 25 பேர் பள்ளிப் பிள்ளைகளை முந்தினார்கள். திட்டம் ஏதுமின்றி விடப்பட்ட 12 பேரோ எல்லோருக்கும் பின்னால் நின்றார்கள். சிறிய ஆய்வுதான்; ஆனாலும் பாடம் பெரிது. பிள்ளையை உயர்த்தியது வீடு என்ற இடமா? இல்லை, அந்த வீட்டில் இருந்த ஒழுங்கு!

அறிவு இருந்தும் சான்றிதழ் இல்லாவிட்டால் என்ன ஆகும்? மும்பையைச் சேர்ந்த மாளவிகா ஜோஷி ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டுத் தாயிடம் வீட்டில் படித்தார். சர்வதேசக் கணினி நிரல் ஒலிம்பியாடில் மூன்று பதக்கம் வென்றார். பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாததால் ஐ.ஐ.டி.யில் அவருக்கு இடமில்லை. நமக்கு அருகே சிறுசேரியில் இருக்கும் சென்னைக் கணிதவியல் கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது. 2016-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. அழைத்துக்கொண்டது. பதக்கம் இருந்தவருக்கே இத்தனை கதவுகள் மூடின என்றால், நம் பிள்ளைகளின் கதி என்ன?

நம் தெருக்களைப் பாருங்கள். பருவமடைந்ததும் படிப்பு நிறுத்தப்பட்ட மகள். குர்ஆன் மனனம் செய்ய இரண்டு மூன்று ஆண்டு பள்ளியை விட்டு, பிறகு திரும்பாத மகன். ஒன்பதாம் வகுப்போடு கல்லாவில் உட்கார்ந்த தம்பி. இவர்கள் வீட்டில் இருக்கிறார்கள், கடையில் இருக்கிறார்கள். படிக்கிறார்களா?

"பிறகு அஞ்சல் வழியில் ஒரு பட்டம் வாங்கிக்கொள்ளலாம்" என்பவர்கள் கவனிக்க வேண்டும். பத்தும் பன்னிரண்டும் முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பெற்ற பட்டம் அரசு வேலைக்குச் செல்லாது என்று தமிழக அரசு 2009-இலேயே ஆணையிட்டது.

வழி இல்லாமல் இல்லை. 6 முதல் 14 வயது வரை பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம். அந்த வயதுப் பிள்ளைக்குப் பள்ளியே முதல் வழி. படிப்பு நின்றுபோன பிள்ளை எட்டாம் வகுப்பையும் பத்தாம் வகுப்பையும் அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் மூலம் தனித்தேர்வராக எழுதலாம். 1989-இல் தொடங்கப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் 14 வயது நிறைந்தவர் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்து, ஐந்து ஆண்டுக்குள் பாடம் பாடமாக எழுதி முடிக்கலாம். சேருமுன், நீங்கள் குறிவைக்கும் கல்லூரியோ வேலையோ அந்தச் சான்றிதழை ஏற்குமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வணிகர்களே! உரிமம் இல்லாமல் கடை திறப்பதில்லை, ஜி.எஸ்.டி. எண் இல்லாமல் மொத்தச் சரக்கு அனுப்புவதில்லை. பிள்ளையின் அறிவுக்கு மட்டும் தாள் வேண்டாமா?

இளைஞர்களே! உங்கள் ஜமாஅத்தில் படிப்பு நின்ற பிள்ளைகளின் பட்டியலை இந்த மாதமே எடுங்கள். மகனைக் கேட்பது போலவே மகளையும் கேளுங்கள். பட்டதாரிகள் மஃரிபுக்குப் பின் ஒரு மணி நேரம் கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுங்கள். அடுத்த தேர்வுக்கு விண்ணப்பம் அறிவிக்கப்படும் நாளில், அந்தப் பட்டியலில் உள்ள ஒரு பெயர்கூட விடுபடக் கூடாது.