பொம்மைக்கு ஒரு முகம்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சங்கச் செயலாளர் போன் செய்து, "உன் தொழில் அனுபவத்தைப் பத்தி ஒரு பத்து நிமிஷம் பேசுப்பா" என்றார். நான் மெக்கானிக்கல். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் பெயிண்ட் ஷாப்பைப் பார்த்துக் கொள்கிறேன். அதைப் பற்றிப் பேசினால் சாப்பாட்டுக்கு முன்பே நீங்கள் தூங்கிவிடுவீர்கள். ஆகவே ராத்திரி பத்து மணிக்கு மேல் வீட்டில் நான் செய்கிற இன்னொரு பெயிண்ட் வேலையைச் சொல்கிறேன். பொம்மையின் முகத்தை அழித்துவிட்டு, வேறு முகம் வரைவது. சிரியுங்கள், பரவாயில்லை. என் மாமனார் இன்னும் சிரித்து முடிக்கவில்லை.

இது பல நாடுகளில் பெரியவர்கள் செய்கிற பொழுதுபோக்கு. ஆஸ்திரேலியாவில் டாஸ்மேனியா தீவைச் சேர்ந்த சோனியா சிங் என்ற பெண்மணி, வேலை போயிருந்த நேரத்தில், பழைய பொருள் கடைகளில் கிடந்த பிராட்ஸ் பொம்மைகளை வாங்கி, அவற்றின் கனத்த மேக்கப்பை அழித்து, சாதாரணச் சிறுமியின் முகத்தை வரைந்தார். அவருடைய அம்மா சட்டை பின்னிக் கொடுத்தார். 2015-ல் அது உலகமெங்கும் பேசப்பட்டது. அந்தப் படங்களைப் பார்த்துத்தான் எனக்கும் கை அரித்தது.

விஷயத்துக்கு வருகிறேன். பார்பி மாதிரியான பொம்மைகளின் தலை மென்மையான வினைல், அதாவது பி.வி.சி. முகம் அதன் மேல் அச்சிட்ட மை. நகப்பூச்சு அழிக்கிற அசிட்டோனைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தால் கண், புருவம், உதடு எல்லாம் போய்விடும். முட்டை மாதிரி ஒரு முகம் மிஞ்சும். முதல் தடவை பார்க்கும்போது கொஞ்சம் பயமாகவே இருக்கும். ஆனால் பல பொம்மைகளின் உடம்பு ஏ.பி.எஸ். பிளாஸ்டிக். அதை அசிட்டோன் கரைத்துவிடும். பாலிமர் பாடத்தில் எனக்கு எவ்வளவு மார்க் வந்தது என்று இங்கே இருக்கும் சாருக்குத் தெரியும். முதல் பொம்மையின் மார்பில் அசிட்டோன் வழிந்து, என் கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்துவிட்டது. இன்னும் வைத்திருக்கிறேன்.

அப்புறம் சோப்பு போட்டுக் கழுவி, காயவைத்து, பளபளப்பில்லாத சீலரை மெல்லிசாக இரண்டு மூன்று கோட் அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்ணம் பிடிக்காது. சிவப்பு மாதிரி நிறங்கள் வினைலுக்குள்ளேயே இறங்கிக் கறையாக நின்றுவிடும். அடிக்கும்போது முகமூடி அவசியம். அந்தப் புகை நல்லதல்ல. காற்றில் ஈரம் அதிகமானால் சீலர் வெள்ளையாகப் பூத்துப்போகும். ஃபேக்டரியில் லட்சக்கணக்கில் செலவு செய்து நான் கட்டுப்படுத்துகிற அதே ஈரம், வீட்டு மொட்டைமாடியில் என்னை ஜெயித்துவிடும். நவம்பரில் நான் பொம்மையைத் தொடுவதே இல்லை.

கன்னத்துக்குச் சுண்ணாம்பு வண்ணப் பொடி, கோடுகளுக்கு வாட்டர்கலர் பென்சில், கண்ணுக்கு நீர்த்த அக்ரிலிக். ஒவ்வொரு அடுக்குக்கும் மேலே ஒரு சீலர் கோட். சீலருக்கு முன்னால் தப்பு நடந்தால் ஈரப் பஞ்சால் துடைக்கலாம். பின்னால் என்றால் மறுபடி அசிட்டோன், மறுபடி முட்டை. இரண்டு கண்ணையும் ஒரே அளவில் கொண்டுவருவதுதான் பிராணன் போகிற வேலை. ஒரு கண்ணை முடித்துவிட்டு மற்றதற்குப் போகக் கூடாது. இமைக்கு இமை, கோட்டுக்குக் கோடு இரண்டையும் சேர்த்தே வளர்க்க வேண்டும். அடிக்கடி கண்ணாடியில் காட்டிப் பார்த்தால் கோணல் தெரிந்துவிடும். கடைசியாகக் கருவிழியில் ஒரு வெள்ளைப் புள்ளி. அதை வைத்த உடனே பொம்மை நம்மைப் பார்க்கும். நம் ஸ்தபதிகள் கண்ணைக் கடைசியில் திறப்பதன் அர்த்தம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இனி வீட்டுக் கதை. என் மகளுக்கு ஆறு வயதில் இடது கண்ணோரம் ஒரு வெண்புள்ளி வந்தது. மெல்லப் பரவியது. தோலுக்கு நிறம் கொடுக்கிற செல்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தாக்குவதால் வருவது, தொற்றாது, தொழுநோய்க்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. "வெண்குஷ்டம்" என்ற பழைய பேரைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். இதெல்லாம் எங்களுக்குத் தெரியும். வேனில் அவள் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று அழுத குழந்தைக்குத் தெரியாதே. கல்யாண வீடுகளில் "அய்யோ, பொம்பளைப் புள்ளையாச்சே" என்ற பெரியவர்களுக்கும் தெரியவில்லை.

2020-ல் மேட்டல் கம்பெனி வெண்புள்ளி உள்ள பார்பி ஒன்றை வெளியிட்டது. நான் தேடிய கடைகளில் கிடைக்கவில்லை. சரி, நாமே செய்வோம் என்று உட்கார்ந்தேன். அந்த ஓரம் நேர்கோடும் இல்லை, கலைந்த புகையும் இல்லை. வரைபடத்தில் கடற்கரை போல இருக்கும். சரியாக வரவில்லை. தூங்கிக்கொண்டிருந்த மகளிடம் போய், செல்போன் வெளிச்சத்தைக் கையால் மறைத்துக்கொண்டு பார்த்தேன். இமையில் இரண்டு முடிகள் வெளுத்திருந்தன. எத்தனை நாளாகவோ தெரியாது. அந்த இடத்தை நான் பார்ப்பதையே தவிர்த்து வந்திருக்கிறேன் என்பது அந்த நிமிஷம்தான் உறைத்தது. தினமும் கிளவுஸ் போட்டுக்கொண்டு பம்பரில் அரை மில்லி மீட்டர் குறையைக் கண்டுபிடிக்கிறவன் நான்.

பொம்மை அருமையாக வந்தது. அந்த வெளுத்த முடிகளைக்கூட வைத்தேன். காலையில் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தாள். "அவளுக்கும் வந்துடுச்சா?" என்று கேட்டாள். அப்புறம், "அழிச்சிடுப்பா" என்றாள்.

அழித்தேன். சீலர் அடித்தாகிவிட்டதால் மொத்த முகமும் போயிற்று. இரண்டு வாரம் முட்டையாகவே அலமாரியில் கிடந்தது. என் மனைவி, "ஏங்க, அவகிட்ட முதல்லயே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?" என்றாள். பதில் இல்லை. டிசைன் ரிவ்யூ இல்லாமல் புரொடக்‌ஷனுக்குப் போனால் இப்படித்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "நான் சொல்றத வரை" என்றாள். பார்வை ஓரமாக இருக்கணும், முன்பல் விழுந்திருக்கணும், புருவம் கோபமா இருக்கணும். புள்ளி வேண்டாமா என்று கேட்டேன். "அது என் பிரண்டுப்பா. நான் இல்ல" என்றாள். பாதியில் பென்சிலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

பின்னால் இருக்கும் மேஜையில் மூன்று பொம்மைகள் வைத்திருக்கிறேன். ஒரு கண் மேலேயும் ஒரு கண் கீழேயும் இருக்கிற கோபக்காரி அவளுடையது. அதைத் திருத்த எனக்கு அனுமதி இல்லை. எடுத்துப் பாருங்கள். முகத்தை மட்டும் தொட வேண்டாம். நேற்று ராத்திரிதான் கடைசி கோட் அடித்தேன், இன்னும் முழுசாகக் காயவில்லை.