சபை நடுவே ஒரு கேள்வி

(ஜவளகிரியில் நடைபெற்ற இலக்கியப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

மார்கழிப் பனியிலே, பன்னார்கட்டாக் காட்டிலிருந்து இறங்கிவரும் யானைக் கூட்டத்திடமிருந்து கேழ்வரகுக் கொல்லையைக் காக்க, பரண்மீது இரவெல்லாம் கண்விழித்த களைப்போடு வந்திருக்கும் உழவர் பெருமக்களே! ஓசூர்த் தொழிற்சாலையில் வேலை முடித்து, பேருந்தை விட்டு இறங்கி, வீட்டுக்கும் போகாமல் நேரே இங்கு வந்து அமர்ந்திருக்கும் என் அருமைத் தங்கைகளே! தோழர்களே!

‘பழைய பாத்திரங்களும் புதிய தலைமுறையும்’ என்ற தலைப்பிலே பேசுமாறு தலைவர் பணித்திருக்கிறார். கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டுவிட்டு நாடகக் கொட்டகைக்குள் நுழைந்தவன் நான். பட்டம் பெறாதவன் பாரதத்தைப் பற்றிப் பேசலாமா என்று எவருக்கேனும் ஐயம் எழுமானால், அவர்களுக்கு ஒன்று சொல்வேன். இந்த மாவட்டத்திலே பாரதத்தை வாழவைத்தவர்களில் பெரும்பாலோர் பட்டம் பெறாதவர்களே! முகத்திலே அரிதாரம் பூசி, தலையிலே கிரீடம் தாங்கி, காலிலே சலங்கை கட்டி, விடிய விடிய ஆடினார்களே கூத்துக் கலைஞர்கள், அவர்கள் எந்தக் கல்லூரியில் பட்டம் பெற்றார்கள்? அவர்களுடைய கடைசி வரிசையிலே எனக்கும் ஓர் இடம் தாருங்கள், போதும்.

பழைய பாத்திரங்களைப் புதுக்கி எழுதலாமா, கூடாதா? நாட்டிலே இரண்டு கட்சி இருக்கிறது. ஒரு கட்சி சொல்கிறது, “தொடாதே! முன்னோர் தந்ததை முன்னோர் தந்தபடியே வைத்திரு!” என்று. மற்றொரு கட்சி சொல்கிறது, “பழங்கதை எதற்கு? பரணிலே போட்டுவிட்டுப் புதுக்கதை எழுது!” என்று. இரு சாராரையும் மதிக்கிறேன். ஆனால் இருவருமே மக்களைக் கேட்க மறந்துவிட்டார்கள் என்பது என் தாழ்மையான எண்ணம். முன்னோர் தந்தபடியே மக்கள் வைத்திருந்ததும் இல்லை. வேண்டாமென்று வீசி எறிந்ததும் இல்லை. தலைமுறைக்குத் தலைமுறை எடுத்தார்கள், தங்கள் அளவுக்குத் தைத்து உடுத்தினார்கள்.

சான்று வேண்டுமா? ஒரே ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். திரௌபதி! நீங்கள் அறிந்தவள், உங்கள் ஊர்த் திருவிழாக்களிலே பதினெட்டு நாள் வாழ்ந்து போகிறவள்.

கதை உங்களுக்குத் தெரியும். சூதாட்டம். தருமன் நாட்டை இழந்தான், தம்பியரை இழந்தான், தன்னை இழந்தான், பிறகு மனைவியைப் பணயம் வைத்து அவளையும் இழந்தான். கூந்தலைப் பற்றி இழுத்து வருகிறார்கள். அந்த வேளையிலே அவள் அழுதாள் என்பதைத்தான் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அவள் கேட்டாளே ஒரு கேள்வி, அதை நினைவில் வைத்தவர்கள் எத்தனை பேர்? தன்னையே தோற்று அடிமையாகிவிட்ட ஒருவனுக்கு, என்னைப் பணயம் வைக்கும் உரிமை ஏது என்று கேட்டாள். பீஷ்மர் இருந்தார், துரோணர் இருந்தார், விதுரர் இருந்தார். அறத்தின் வழி நுட்பமானது என்றார் பீஷ்மர், விடை சொல்லவில்லை. கௌரவரில் இளையவன் விகர்ணன் ஒருவன்தான் எழுந்து, அவள் பக்கம் நியாயம் இருக்கிறது என்றான். அவனையும் அடக்கி உட்காரவைத்தார்கள்.

அந்தக் கேள்விக்கு அந்த அவையிலே விடை கிடைக்கவில்லை. அதனால்தான் தோழர்களே, ஒவ்வொரு தலைமுறையும் அவளை மீண்டும் எழுப்பி, மீண்டும் சபை நடுவே நிறுத்துகிறது!

இதோ, கூப்பிடு தூரத்திலே கருநாடக எல்லை. கன்னடத்தின் ஆதி கவி என்று போற்றப்படும் பம்பன், பத்தாம் நூற்றாண்டிலே பாரதம் பாடினான். தன்னை ஆதரித்த அரிகேசரி என்ற சாளுக்கிய மன்னனை அருச்சுனனாகவே கண்டு பாடினான். பாடியபோது ஒரு மாற்றம் செய்தான். ஐவருக்கும் மனைவியான திரௌபதியை, அருச்சுனன் ஒருவனுக்கே மனைவியாக்கினான்! ஆயிரம் ஆண்டுக்கு முன்பே, மூலத்தின் முதுகெலும்பிலே கைவைத்துவிட்டான் ஒரு மகாகவி. அதற்காகக் கன்னட நாடு அவனைத் தூற்றவில்லை. தலைமேல் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறது.

நம் பக்கத்துக்கு வாருங்கள். வியாசர் பாரதத்திலே அவள் அரசி. தமிழ்நாட்டுச் சிற்றூரிலே அவள் அம்மன்! அரசியை அம்மனாக்கியது எந்தப் புலவர்? பெயர் தெரியாத உழவர்களும் கூத்தாடிகளும் பூசாரிகளும் சேர்ந்து செய்த மாற்றம் அது. பகலிலே பாரதப் பிரசங்கம், இரவிலே கூத்து, அருச்சுனன் தபசுக்கு ஓங்கிய மரம், இறுதியிலே மண்ணால் செய்த மாபெரும் துரியோதனன், அவன் தொடையிலே எடுத்த குருதியால் கூந்தல் முடிப்பு, பிறகு தீமிதி. துகிலுரியும் இரவிலே, துச்சாதனன் வேடமிட்ட கலைஞர் சேலையைத் தொடுமுன் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்கும் வழக்கம் பல ஊர்களிலே உண்டு. நடிப்புதான், சேலையின் உள்ளே இருப்பவரும் பெரும்பாலும் ஆண்தான். ஆனாலும் கை நடுங்குகிறது!

இன்னும் கேளுங்கள். திரௌபதி அம்மன் கோயில்கள் பலவற்றிலே காவல் நிற்கும் வீரர் ஒருவருக்குப் பெயர் முத்தால் ராவுத்தர். பெயரே சொல்கிறது அவர் இசுலாமியர் என்று. வியாசர் எழுதினாரா அவரை? வில்லிபுத்தூரார் பாடினாரா? இல்லை. தங்களோடு தெருவிலே வாழ்ந்தவரைத் தங்கள் கதையிலும் வாழவைத்தார்கள் மக்கள். நீங்கள் வேலைக்கும் சந்தைக்கும் போய்வரும் பெங்களூரிலே, சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி நடக்கும் கரக விழாவிலே, திரௌபதியின் கோலம் பூண்ட ஆண்மகன் மல்லிகைக் கரகம் தாங்கித் தருமராயர் கோயிலிலிருந்து புறப்படுகிறான். வழியிலே தவக்கல் மஸ்தான் தர்காவுக்கும் சென்று வருகிறான். வடமொழிப் பாரதத்திலே சிறு பாத்திரமான அரவான், உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் கூவாகத்திலே திருநங்கையர்க்கு மணாளன் ஆனான். ஏட்டிலே இடம் கிடைக்காதவர்களுக்கெல்லாம் மக்கள் தங்கள் கதையிலே இடம் தந்தார்கள்.

இருபதாம் நூற்றாண்டு பிறந்தது. புதுவையிலே தஞ்சம் புகுந்திருந்த பாரதி, 1912ஆம் ஆண்டு பாஞ்சாலி சபதத்தின் முதற்பகுதியை வெளியிட்டார். இரண்டாம் பகுதி அவர் மறைந்தபின் 1924இலேதான் அச்சாயிற்று. வியாசர் வழியையே தழுவி எழுதியதாக அடக்கத்தோடு சொன்னார் அவர். ஆயினும் படித்தவர்கள் கண்ட பாஞ்சாலி யார்? அயலவன் அவையிலே நிறுத்தப்பட்ட நாடு! கைகட்டி நின்ற பாண்டவர் யார்? நாம்! கதை மாறவில்லை, கேட்டவர்கள் மாறியிருந்தார்கள்.

அடுத்து வங்கத்துக்கு வாருங்கள். மகாசுவேதா தேவி ‘திரௌபதி’ என்றே பெயரிட்டு ஒரு சிறுகதை எழுதினார். 1978இல் வந்த ‘அக்னிகர்ப’ என்னும் தொகுப்பிலே அது இருக்கிறது. அவருடைய திரௌபதி சந்தாலப் பழங்குடிப் பெண். சொந்த மக்கள் வாயிலே தோப்தி. காவலிலே அவளைச் சிதைக்கிறார்கள். மறுநாள் காலையிலே ஆடையைத் தருகிறார்கள். அவள் உடுத்த மறுக்கிறாள்! இந்தக் கதையிலே சேலை வளரவில்லை, கண்ணன் வரவில்லை. அந்தக் கோலத்தோடே அதிகாரியின் எதிரே நடந்து வந்து நிற்கிறாள். ஆயுதம் ஏந்திய அந்த மனிதன் அஞ்சுகிறான். மானம் என்பது யாருடைய பொறுப்பு என்ற பழைய கேள்வியைப் புதிய தொண்டையால் கேட்டவள் அவள்.

அந்தக் கதையை மணிப்பூரிலே கன்னையாலால் 2000ஆம் ஆண்டிலே நாடகமாக்கினார், சாவித்திரி நடித்தார். கண்டனம் எழுந்தது. 2004 சூலையிலே, ஒரு பெண்ணுக்கு நேர்ந்த கொடுமையையும் கொலையையும் எதிர்த்து, இம்பாலிலே காங்லா கோட்டை வாயிலில் அன்னையர் பன்னிருவர் ஆடை களைந்து நின்றபோது, அந்த நாடகத்தைப் பலரும் நினைத்துக்கொண்டார்கள். 2021இலோ, தில்லிப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து அந்தக் கதையை நீக்கினார்கள். அதனோடு சேர்த்து நீக்கப்பட்டவை எவை தெரியுமா? நம் பாமாவின் எழுத்தும் சுகிர்தராணியின் எழுத்தும்! சபையிலே கேள்வி கேட்பவளை உட்காரவைக்கும் வழக்கம் அத்தினாபுரத்தோடு முடிந்துவிடவில்லை தோழர்களே!

இதுவரை பிறர் கதை சொன்னேன். இனி என் கதை. என் குற்றத்தின் கதை.

சில ஆண்டுகளுக்கு முன் ஓசூரிலே ஒரு நாடகம் போட்டேன். துகிலுரியும் காட்சிதான். புதுமை செய்துவிட வேண்டும் என்ற துடிப்பு எனக்கு. கண்ணனை எடுத்துவிட்டேன். வானத்திலிருந்து சேலை வேண்டாம், வாதத்திலிருந்து நீதி வரட்டும் என்று முடிவு செய்தேன். விகர்ணனை வழக்கறிஞனாக்கினேன். அவன் வாயிலே அடுக்குமொழி வசனங்களை அள்ளி வைத்தேன். அவன் பேசப் பேசக் கைத்தட்டல் கூரையைப் பிளந்தது. விகர்ணனாக நடித்தது யார் என்கிறீர்களா? வேறு யார், நான்தான்!

நாடகம் முடிந்தது. மாலை போட்டார்கள், மார்தட்டி மகிழ்ந்தேன். கூட்டம் கலைந்தபின் ஓர் இளம்பெண் மேடையருகே வந்தாள். தொழிற்சாலையிலே சிறு உதிரிப் பாகங்களை எண்ணிப் பார்த்துப் பெட்டியிலே அடுக்குவது அவள் வேலை.

“அண்ணா, நாடகம் நன்றாக இருந்தது. ஆனால் நான் எண்ணிப் பார்த்தேன். எண்ணி எண்ணிப் பழகிய பழக்கம். திரௌபதி பதினோரு முறைதான் வாய் திறந்தாள். அதிலே ஏழு முறை ‘ஐயோ’ என்றாள்.”

நான் சிரித்து மழுப்பினேன். அவள் சிரிக்கவில்லை.

“பழைய கதையிலே கண்ணன் வந்து காப்பாற்றினார். உங்கள் கதையிலே நீங்கள் வந்து காப்பாற்றினீர்கள். அவளுக்கு என்ன மாறியது அண்ணா? எங்கள் வேலையிடத்திலும் குறை கேட்கும் கூட்டம் நடக்கும். எங்களுக்காக எல்லாரும் பேசுவார்கள். நாங்கள் மட்டும் பேசமாட்டோம்.”

இவ்வளவுதான் சொன்னாள். பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள். அன்றிரவு நான் உறங்கவில்லை. என் கைப்பிரதியை எடுத்து எண்ணிப் பார்த்தேன். அவள் கணக்கு தப்பவில்லை, பதினொன்றேதான்! மூலத்திலே சட்டம் பேசியவளை, அவையின் மூத்தவர்களைத் திணறவைத்தவளை, ‘ஐயோ’ என்று அலறுபவளாக நான் குறுக்கிவிட்டேன். புதுமை என்று பெயர் சூட்டிக்கொண்டு, பழையதைவிடப் பழையதைச் செய்துவிட்டேன்.

அன்று நான் கற்ற பாடத்தைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன். பழைய பாத்திரத்தைப் புதுக்குவது பாவமும் அன்று, அதனாலேயே புண்ணியமும் அன்று. எடைபோட ஒரே ஒரு படிக்கல் போதும். புதுக்கியபின், அந்தப் பாத்திரத்தின் கேள்வி உரக்க ஒலிக்கிறதா, ஊமையாகிவிட்டதா? பம்பனைப் போற்றுகிறேன், கர்ணனை அவன் உயர்த்திய பெருமைக்கு ஈடில்லை. ஆனால் புரவலன் பெருமைக்காகத் திரௌபதியின் வாழ்வைச் சுருக்கினானே, அந்த இடத்திலே படிக்கல் தாழ்கிறது. ராவுத்தரைக் காவல் வைத்த பாமரன் கையிலே அது நிமிர்கிறது. மகாசுவேதா தேவி கையிலே உயர்கிறது. என் கையிலே? தாழ்ந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

“அப்படியானால் மனம்போனபடி எழுதலாமா?” என்று பெரியவர்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கூத்துக் கலைஞனைப் பாருங்கள். வசனத்தை மாற்றுவான், ஊர்ச் செய்தியைச் சேர்ப்பான், கட்டியங்காரன் வாயிலே நாட்டுநடப்பை வைத்து நகைக்கவைப்பான். ஆனால் முன்வரிசையிலே அமர்ந்திருக்கும் கிழவிக்குக் கதை முழுதும் தெரியும். அவள் எதிரிலே பொய்யாக ஆடமுடியாது. புதுக்குகிறவனுக்கு அந்தக் கிழவி வேண்டும்; எண்ணிப் பார்க்கும் அந்தத் தங்கையும் வேண்டும். இருவருக்கும் கணக்குக் காட்டத் துணிந்தவன் எழுதட்டும்.

அந்த நாடகத்தை நான் திருத்தி எழுதினேன். விகர்ணனுக்கு இப்போது நான்கே வரி. கண்ணனும் இல்லை, வழக்கறிஞனும் இல்லை. திரௌபதி கேட்கிறாள், அவை மௌனம் காக்கிறது, அவள் உங்கள் பக்கம் திரும்புகிறாள், திரை விழுகிறது. முன்போலக் கைத்தட்டல் இல்லை. மக்கள் கொஞ்ச நேரம் எழாமல் அமர்ந்திருக்கிறார்கள். எனக்கு அது போதும்.

விழா எடுக்கும் பெரியவர்களிடம் ஒரு விண்ணப்பம் வைத்து முடிக்கிறேன். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே தேநீர்க் கடையிலே கலந்து ஒலிக்கும் ஊர் உங்கள் ஊர். அடுத்த திருவிழாவிலே கூத்து அப்படியே நடக்கட்டும். ஒரு முறையும் குறையவேண்டாம். அதற்குப் பிறகு ஒரே ஓர் இரவை இந்தத் தங்கைகளுக்குக் கொடுங்கள். அவர்களே எழுதட்டும், அவர்களே நடிக்கட்டும், எந்த மொழியிலே வருகிறதோ அந்த மொழியிலே கேட்கட்டும். பிழை இருக்கலாம், தடுமாற்றம் இருக்கலாம். நான் முன்வரிசையிலே தரையிலே அமர்ந்து, அவள் எத்தனை முறை வாய் திறக்கிறாள் என்று எண்ணிக்கொண்டிருப்பேன்.