மா. கிருஷ்ணனின் கோட்டோவியங்களும் பாலாற்றுப் படுகையும்: மாநாட்டுத் தலைமை உரை

பாலாற்றுப் படுகையின் உயிரினங்களையும் அவற்றை வரைந்தோரையும் பற்றி ஆராய வேலூர்ப் பாகாயத்தில் கூடியுள்ள இவ்வவைக்குத் தலைமையேற்பது பெருமைக்குரியது. இத்துறையில் நெடுங்காலம் உழைத்த மூத்தோர் முன்வரிசையில் அமர்ந்திருக்க, அவர்களுள் சிலருடைய முடிவுகளை அவர்கள் முன்னிலையிலேயே மறுக்கும் உரையைப் படிப்பது சற்றே அச்சத்துக்கும் உரியது. நந்திமலைப் பகுதியில் தோன்றும் பாலாறு வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியாக வந்து சதுரங்கப்பட்டினத்துக்கு அருகே கடலைச் சேர்வதும், 1892ஆம் ஆண்டின் சென்னை–மைசூர் ஆற்றுநீர் உடன்பாடும், 1903இல் வாணியம்பாடியைச் சீரழித்த வெள்ளமும், இப்பகுதியின் டேனரிகள், அதாவது தோல் பதனிடும் ஆலைகள், ஆவாரம்பட்டையை விட்டுக் குரோமிய உப்புக்கு மாறியதும் அவையோர் அறிந்தவையே. அவற்றை விரித்துரைக்கத் தனித்தனி அமர்வுகள் இருப்பதால், இவ்வுரை அவற்றைத் தொட்டுக்காட்டி அப்பால் செல்கிறது.

வேலூர் என்றவுடன் எல்லப்பாவின் பெயர் எழுவது இயல்பு. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கம்பெனி ஓவியம் எனப்படும் முறையில், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியாரின் விருப்பத்துக்கேற்ப இந்திய ஓவியர்கள் ஐரோப்பியத் தாளில் நீர்வண்ணம் கொண்டு தீட்டிய முறையில், பணியாற்றிய அவர், தாம் அமர்ந்து வரைவதையே ஒரு படமாகத் தீட்டி வைத்தார். கம்பெனிக்காலத்து இந்திய ஓவியர்களைப் பெயர் சொல்லி முன்னிறுத்தி 2019–20இல் லண்டன் வாலஸ் காட்சியகத்தில் நடந்த கண்காட்சிக்குப் பின் அவர் புகழ் பரவியது முறையே. ஆயினும் ஊர்ப்பற்றின் மிகுதியால் அவரை இயற்கை ஓவிய மரபின் மூலவராக நிறுவ முயலும் கட்டுரைகளுக்கு அவருடைய படங்கள் இடம் தரவில்லை. எல்லப்பாவின் பெயர் நிலைத்திருப்பது மனிதர்களையும் அவர்தம் தொழில்களையும் தீட்டியதனால்தான். அவரைப் போற்றுவதற்கு அதுவே போதுமானது. இல்லாத பறவைகளை அவர் கையில் ஏற்ற வேண்டியதில்லை.

விலங்குகளை வாழ்நாள் முழுவதும் பார்த்து வரைந்த தமிழ்க் கலைஞர் என்று ஐயமின்றிச் சொல்லத்தக்கவர் மாதவையா கிருஷ்ணன். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகனாக 1912இல் திருநெல்வேலியில் பிறந்த அவர், சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர் பைசனிடம் பயின்றார். 1942 முதல் 1949 வரை சண்டூர் சமஸ்தானத்தில் ஆசிரியர், நீதிபதி, விளம்பர அலுவலர் எனப் பல பதவிகளை வகித்தார். 1950இல் கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் தொடங்கிய பத்தியை 1996 பிப்ரவரியில் மறையும் வரை, 46 ஆண்டுகள், நடத்தினார். 1960இல் பத்மஸ்ரீ விருதும், 1968இல் நேரு ஆய்வுநல்கையும் அவருக்குக் கிடைத்தன. அந்நல்கையின் விளைவான கானுயிர் நூலைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1975இல் வெளியிட்டது. வாழ்க்கைக் குறிப்பு இவ்வளவில் போதும். வழக்கு வேறிடத்தில் உள்ளது.

கிருஷ்ணனைப் பற்றிய ஆய்வு இரு வழிகளில் நடந்து வந்துள்ளது. ஒன்று, அவரை ஆங்கில உரைநடையாளராகக் காண்பது. ராமச்சந்திர குகா 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட தொகுப்பு இவ்வழியை அகலப்படுத்தியது, அதற்குத் துறை நன்றி பாராட்டக் கடமைப்பட்டுள்ளது. மற்றொன்று, அவரைக் கறுப்பு–வெள்ளைப் புகைப்படக்காரராகக் காண்பது. பல உறுப்புகளைப் பொருத்தித் தாமே அமைத்து, ‘சூப்பர் பாண்டரோசா’ என்று விளையாட்டாகப் பெயரிட்ட கனத்த கேமராவுடன் அவர் காட்டில் நடந்த கதை இவ்வழியின் விருப்பக் கதை. இரண்டிலும் அவருடைய மைக்கோட்டு ஓவியங்கள் பத்தியின் ஓரத்து அணிகலனாக மட்டுமே வந்து போகின்றன. அந்த ஓவியங்களே மூலச் சான்று, உரைநடையும் புகைப்படமும் அவற்றோடு சேர்த்தே படிக்கப்பட வேண்டியவை என்பது இவ்வுரையின் நிலைப்பாடு.

முதலில் அச்சுத் தொழிலின் பக்கம் திரும்புவது தெளிவு தரும். அப்பத்தி தொடங்கிய காலத்தில் நாளிதழில் புகைப்படம் ஏறவேண்டுமானால் அதை ஹாஃப்டோன் பிளாக்காக, அதாவது சாயல்களைச் சிறு சிறு புள்ளிகளாகப் பிரித்த உலோக அச்சாக, மாற்ற வேண்டும். மலிவான செய்தித்தாள் மையை உறிஞ்ச அப்புள்ளிகள் பரவி, நிழலில் நிற்கும் மான் நிழலோடு கலந்து போகும். கோட்டோவியத்துக்கு லைன் பிளாக் போதும். புள்ளி இல்லை, சாயல் இல்லை, மை பட்ட இடமும் படாத இடமும் மட்டுமே உண்டு. அதனால் கழுத்தின் வளைவும் காதின் திருப்பமும் எவ்வளவு மட்டமான தாளிலும் தப்பிப் பிழைத்தன. கேமரா கைவசம் இருந்தும் பத்திக்குக் கோட்டை அவர் கைவிடாததை இந்தத் தொழில்நுட்பப் பின்னணியில் வைத்துப் பார்த்தால், அதைப் பழமைப் பிடிப்பு என்று ஒதுக்கிவிட முடியாது. வண்ணப்படத்தை அவர் ஏற்காததும் இதன் தொடர்ச்சியே என்று கருதலாம். மையில் பழகிய கண் ஒளியையும் மையாகவே கண்டது.

இரண்டாவது, கோடு சொல்லக்கூடியதன் தன்மை. நத்தைகுத்தி நாரையின் அலகுகள் மூடிய நிலையிலும் நடுவில் ஓர் இடைவெளி விட்டே நிற்கும். பறவை சற்றே தலை திருப்பியிருந்தால் புகைப்படத்தில் அந்த இடைவெளி மறையும், படம் பொய்யில்லை என்றாலும் பறவை அங்கே இல்லை. வரைபவரோ எந்தக் கோணத்தில் அது தெரியும் என்று பார்த்துப் பார்த்து அறிந்த பின்னரே பேனாவை எடுக்கிறார். புகைப்படம் ஒரு கணத்தின் சான்று, கோட்டோவியம் பல நாள் பார்வையின் சான்று. நினைவிலிருந்து வரைந்தவை சான்றாகா என்று மூத்த அறிஞர் ஒருவர் தொடர்ந்து எழுதி வந்துள்ளார். அவருடைய புலமைக்கு உரிய மதிப்பை அளித்தே, அதே அளவுகோலால் அளந்தால் வயற்குறிப்பேட்டைப் பார்த்து மாலையில் எழுதப்பட்ட இயற்கை வரலாற்று நூல்கள் அனைத்தும் தள்ளுபடியாகும் என்பதை இங்கே நினைவூட்ட வேண்டியுள்ளது.

பைசனிடம் பயின்றதைக் காரணமாகக் காட்டிக் கிருஷ்ணனின் கோட்டை மேனாட்டு இரவல் என்று சொல்வோரும் உண்டு. நீலகிரி, பழனி மலையுச்சித் தாவரங்களைப் பற்றிப் பைசன் வெளியிட்ட நூலின் படங்களுள் பல அவர் மனைவி வரைந்தவை. அவற்றைப் பார்த்து வளர்ந்த மாணவர் இலைக்காம்பு தண்டில் சேரும் இடத்தை மழுப்பாமல் வரையக் கற்றிருப்பார் என்பது ஏற்கத்தக்கதே. ஆனால் தாவரம் அசையாது நிற்கும். ஓடும் அணிலுக்கும் சண்டையிடும் காக்கைக்கும் அந்தப் பாடம் பாதிவழிதான் உதவும். மீதி வழிக்கான சான்றைத் தேடுவோர் கிருஷ்ணனின் தமிழ்க் கட்டுரைகளுக்கு வரவேண்டும். சு. தியடோர் பாஸ்கரன் அவற்றை ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்று தொகுத்துத் தந்த பிறகும் ஆங்கில ஆய்வுகளில் அத்தொகுப்பு அடிக்குறிப்பாகக்கூட இடம்பெறாதது வியப்பளிக்கிறது. தமிழில் எழுதியவரைத் தமிழ் படிக்காமல் ஆராய்வது எளிது. முடிவும் அதற்கேற்ப எளிதாகவே அமையும்.

இதற்கும் பாலாற்றுக்கும் என்ன தொடர்பு என்ற வினா எழும். கிருஷ்ணன் எழுத்தில் இடம்பெற்ற வேடந்தாங்கல் ஏரி பாலாற்றின் கீழ்ப்பகுதி நாட்டில் உள்ளது. கூடுகட்டும் பறவைகளைச் சுடலாகாது என்று அவ்வூரார் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கம்பெனி கலெக்டரிடம் கவுல், அதாவது எழுத்துறுதி, பெற்றிருந்தனர். ஆற்றின் மேற்பகுதிக்கு அத்தகைய நினைவு இல்லை. கிருஷ்ணன் மறைந்த அதே 1996இல், ஆகஸ்ட் 28 அன்று, வேலூர்க் குடிமக்கள் நலமன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக்கியது. டேனரிப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ பாழானதை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. நிலத்துக்கும் கிணற்றுக்கும் கணக்கு இருந்தது; ஆற்றுமணலில் முட்டையிடும் ஆள்காட்டிக்கும், கரையோரப் புதரில் கூடிய பறவைகளுக்கும், வரைந்து வைத்த கணக்கு இல்லை. ஆம்பூர்ப் பக்கத்து மடுவொன்றை அரைநூற்றாண்டுக்கு முன் யாரேனும் மாதந்தோறும் வரைந்திருந்தால், ஆற்றின் வரலாற்றை எழுதுவோர் இன்று அந்தப் படங்களிலிருந்தே தொடங்குவர்.

ஆகவே இக்கருத்தரங்கு ஒரு பணியை மேற்கொள்ளலாம்: பழைய நாளிதழ்க் கட்டுகளிலிருந்து கிருஷ்ணனின் கோட்டோவியங்கள் ஒவ்வொன்றையும் வெளிவந்த நாள், உயிரினம், பத்தி சுட்டும் இடம், பருவம் ஆகியவற்றோடு அட்டவணைப்படுத்துவது. எழுத்து எழுத்தாகவும் படம் படமாகவும் தனித்தனித் தொகுதிகளில் போகட்டும் என்ற மாற்றுத் திட்டமும் அவைமுன் வரவிருப்பதாகத் தெரிகிறது. அதை முன்மொழிபவர்கள் பத்தி ஒன்றை ஓவியத்தை நீக்கி அவையில் படித்துக்காட்டி, பொருளில் எதுவும் குறையவில்லை என்று நிறுவ வேண்டும். நிறுவும் வரை இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்திருப்பதே ஆய்வுமுறைக்கு ஏற்றது.