வினாக்குறி விடையாகுமா?

படங்களின்றி, கட்டளைச் சொற்களைத் தட்டியே இயக்கும் கணினிக் கருவிகள் இன்றும் உள. 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன் ஆக்கிய ‘எட்’ என்னும் உரைதிருத்தி அத்தகையது. கட்டளை பிழைத்தால் அது தந்த விடை வெறும் வினாக்குறியே. அக்காலத் தட்டச்சு முனையம் விநாடிக்கு 10 எழுத்துகளே அச்சிட்டது; ஆதலின் அச்சிக்கனத்தை நான் குறைகூறேன். ஆயினும், திரை வந்த பின்னரும் பல கருவிகள் பிழையின் காரணத்தைக் கூறாது விடுவதேன்? மாணவனின் கணக்கிற்குப் புள்ளடி மாத்திரம் இட்டுக் கொப்பியைத் திருப்பிக் கொடுக்கும் ஆசிரியரை ஒப்பது அது. (யானும் அங்ஙனம் செய்ததுண்டு.) ‘கிற்’ என்னும் கருவியோ, எழுத்து மாறிய கட்டளையைக் கண்டால், அப்படியொன்று இல்லையெனச் சொல்லி, அதனையொத்த சரியான சொல்லையும் எடுத்துக்காட்டுகிறது, திருத்தித் தட்டுவதைப் பயனரிடமே விட்டுவிடுகிறது.