பார்க்கிங் சார்ஜரின் பாஸ்வேர்ட் யாரிடம் இருக்கும்?

(திருவொற்றியூரில் நடந்த நம் சங்கப் பொதுக்குழுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

தண்ணீர் லாரி வரும் நேரம், அதனால் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன்.

பார்க்கிங்கில் எல்லோருக்கும் பொதுவாக மின்வண்டி சார்ஜர் வைக்க கமிட்டி கொட்டேஷன் வாங்கியிருக்கிறது. நல்ல காரியம். மாடியிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயரைத் தொங்கவிட்டு ஸ்கூட்டருக்கு சார்ஜ் போடுவதற்கு இது எவ்வளவோ மேல். நம் வியாசர்பாடி பணிமனையிலிருந்தே 2025 ஜூன் 30 அன்று 120 மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. இனி மின்வண்டி பெருகத்தான் செய்யும்.

கொட்டேஷனில் வயர் அளவு, எர்த்திங், வாரண்டி எல்லாம் இருக்கிறது. ஒன்று மட்டும் இல்லை. சார்ஜரின் பாஸ்வேர்ட் யாரிடம் இருக்கும்?

இது வெறும் பிளக் பாயிண்ட் அல்ல. உள்ளே சிம் கார்டோ வைஃபையோ உள்ள ஒரு சின்ன கம்ப்யூட்டர் இருக்கிறது. யார் எத்தனை யூனிட் எடுத்தார்கள் என்று கம்பெனி சர்வருக்குச் சொல்வது அதுதான். அங்கிருந்தே சார்ஜரை நிறுத்தவும் முடியும்.

இது வீண் பயம் இல்லை. 2022 பிப்ரவரியில் மாஸ்கோ – செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நெடுஞ்சாலையில் சார்ஜர்கள் நின்றுபோய், திரையில் அரசியல் வசனங்கள் ஓடின. பாகங்கள் கொடுத்த உக்ரைன் கம்பெனி தொலைவிலிருந்து நுழைய வழி வைத்திருந்தது என்று, அவற்றை நடத்திய நிறுவனம் சொன்னது. அதே ஏப்ரலில் இங்கிலாந்தின் வைட் தீவில், கார் பார்க்கிங் சார்ஜர் திரைகளில் ஆபாசத் தளம் தெரிந்தது. நம் நாட்டிலும், சார்ஜிங் ஸ்டேஷன் கருவிகளிலும் ஆப்களிலும் ஓட்டைகள் இருப்பதாக சர்ட்-இன் அமைப்புக்குத் தகவல் வந்திருப்பதாக 2023 மார்ச்சில் அமைச்சர் நிதின் கட்கரி மக்களவையில் தெரிவித்தார்.

துறைமுக வேலையில் இருப்பவர்களுக்கு 2017 ஜூன் நினைவிருக்கும். மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் ஒரு முனையம் வைரஸால் முடங்கியது. கிரேன் பழுதாகவில்லை, கம்ப்யூட்டர்தான் படுத்தது. ஆனால் சரக்கு நகரவில்லை.

அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? நம் சிசிடிவி கதை தெரியும். பொருத்தியவரிடமே பாஸ்வேர்டை விட்டுவிட்டோம். பைக் காணாமல் போன அன்று அவர் போனை எடுக்கவில்லை. பதிவைப் பார்க்க முடியாமல் நின்றோம். சார்ஜரில் அதே தவறு செய்தால், பணமும் போகும். சில சார்ஜர் கார்டுகளை எளிதாக நகலெடுக்க முடியும். யாரோ சார்ஜ் போட, பில் உங்கள் வீட்டுக்கு வரும்.

ஆகவே, கையெழுத்துப் போடும் முன் நான்கு நிபந்தனைகளை ஒப்பந்தத்தில் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று, கம்பெனி போட்டுத் தரும் பாஸ்வேர்டை முதல் நாளே மாற்ற வேண்டும். புதியது செயலாளர், பொருளாளர் இருவரிடமும் இருக்க வேண்டும். இரண்டு, சாஃப்ட்வேர் அப்டேட் எத்தனை வருடம் தருவார்கள் என்று எழுத்தில் வேண்டும். மூன்று, சார்ஜருக்குத் தனி இணைப்பு. சிசிடிவி, ஆபீஸ் கம்ப்யூட்டரோடு சேர்க்கக் கூடாது. நான்கு, வீடுவாரியான யூனிட் கணக்கு மாதாமாதம் நோட்டீஸ் போர்டில் வர வேண்டும்.

உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. வெளியே சார்ஜ் போடும்போது, கியூஆர் கோடு மேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். சந்தேகம் வந்தால் ஆப் வழியாகவே பணம் கட்டுங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே 1930-க்கு அழையுங்கள். தாமதிக்கத் தாமதிக்க, பணம் திரும்புவது கஷ்டம்.

வாசல் கேட் சாவி யாரிடம் என்று நமக்குத் தெரியும். இந்தச் சாவியும் நம்மிடமே இருக்கட்டும்.