ஓடும் வண்டியின் கண்

தராசானது பிறபொருளை நிறுப்பதற்கு முன்னர்த் தான் சமனாக நிற்றல் வேண்டும். திருவள்ளுவரும் நடுவுநிலைமையை விளக்குமிடத்துத் துலாக்கோலையே உவமையாக எடுத்துக்கொண்டார். கடையிலே அசையாது தொங்கும் தராசைச் சமப்படுத்துதல் எளிது. குலுங்கி ஓடும் வண்டியொன்றிலே தராசைக் கட்டிவைத்து, அது ஒருபோதும் பிழைத்தல் ஆகாது என்றால் யாது செய்வது? இக்காலத்து மோட்டார் வாகனங்களிற் பொருத்தப்படும் கமராக்களைப் பற்றிய வினாவும் இத்தகையதே.

இக்கமரா படம் எடுத்து வைப்பதற்காக அமைந்ததன்று, அளப்பதற்காக அமைந்தது. முன்கண்ணாடியின் உட்புறத்தே இருந்துகொண்டு, வீதியின் கோடுகளையும், முன்னே செல்லும் வண்டியையும், குறுக்கே அடியெடுத்து வைக்கும் பாதசாரியையும் அது நோக்குகின்றது. அவை எவ்வளவு தூரத்தில் உள்ளன என்று கணிக்கின்றது. மோதும் அபாயம் தோன்றுமாயின் சாரதியை எச்சரிக்கின்றது. சில வாகனங்களிலே தானாகவே பிறேக்கையும் இயக்குகின்றது. இலங்கையின் வீதிகளிலும் இத்தகைய வாகனங்கள் ஓடுகின்றன.

அளக்கும் கருவிக்கு அளவுதிருத்தம் வேண்டும். கமராவைப் பொறுத்தவரை அது இருவகைப்படும். வில்லையின் குவியத்தூரம், படத்தின் மையம், நேர்கோட்டை வில்லை எவ்வளவு வளைத்துக் காட்டுகின்றது என்பன அகத்தே உள்ள அளவுகள். சதுரங்கப் பலகை போன்ற கட்டங்களைப் பல கோணங்களிற் படமெடுத்து இவற்றைக் கணிப்பர். ஸெங்யோ ஜாங் என்னும் அறிஞர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட முறை இதற்குப் பெரிதும் கையாளப்படுகின்றது. கமரா நிலத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் உள்ளது, எத்திசையை நோக்குகின்றது என்பன புறத்தே உள்ள அளவுகள். ஓடும் வண்டியில் எளிதிற் பிழைப்பன பின்னவையே.

அப்பிழை எவ்வளவு கொடியது என்பதற்கு நேயர்கள் ஒரு சிறு கணக்கைப் பார்க்கலாம். கமரா நிலத்திலிருந்து 1.3 மீற்றர் உயரத்தில் உள்ளது என்று கொள்வோம். சமதரையான வீதியில் 50 மீற்றர் தூரத்தேயுள்ள புள்ளி, அடிவானத்துக்கு ஏறத்தாழ ஒன்றரைப் பாகை கீழே தோன்றும். வண்டியின் பின்புறத்தில் மூட்டைகளை ஏற்றினால் முன்புறம் சற்றே நிமிரும். அந்நிமிர்வு அரைப் பாகையாயினும், 50 மீற்றர் தூரம் 37 மீற்றராகக் கணிக்கப்படும். மாறாக, பிறேக் அழுத்தும்போது வண்டியின் முகம் தாழும். அப்போது அரைப் பாகைத் தாழ்வினால் அதே 50 மீற்றர் 75 மீற்றராகிவிடும். மணிக்கு 72 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி வினாடிக்கு 20 மீற்றர் கடக்கின்றது. ஆகவே இல்லாத 25 மீற்றரை உண்டென்று எண்ணுவது, ஒரு வினாடிக்கும் மேற்பட்ட காலத்தை இழப்பதாகும். வீதியைக் கடக்கும் ஒரு குழந்தைக்கு அந்த ஒரு வினாடியே உயிர்.

இவ்விடரைப் பெரிதாக்குவது அதன் மௌனமேயாம். உடைந்த கமரா தன் குறையைத் தானே காட்டிவிடும். சரிந்த கமராவோ தெளிவான படத்தையே தரும். பிழையான விடையையும் அதே உறுதியுடன் தரும். பள்ளங்களில் விழுந்தெழும் அதிர்ச்சி, வெயிலின் வெப்பம், சக்கரங்களிற் குறைந்த காற்று, முன்கண்ணாடியை மாற்றுதல் ஆகிய யாவும் கமராவின் நோக்கைச் சிறிது சிறிதாகத் திருப்பக்கூடியன.

இதற்குப் பரிகாரம் இரண்டு. முதலாவது, தொழிற்சாலையிலும் பழுதுபார்க்கும் நிலையத்திலும் செய்யப்படுவது. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களின் காற்றைச் சரிபார்த்து, குறிகள் வரைந்த பலகையைக் கணக்கிட்ட தூரத்தில் வைத்துக் கமராவின் நோக்கைத் திருத்துவர். கண்ணாடியை மாற்றியபின் செலவுக்கு அஞ்சி இதனைக் கைவிடுதல் பெருந்தவறு.

இரண்டாவது, ஓடும்போதே வண்டி தன்னைத் திருத்திக்கொள்வது. புகையிரதத் தண்டவாளத்தை நேரே நோக்கினால் இரு இருப்புப் பாதைகளும் தொலைவில் ஒன்றுகூடுவது போலத் தோன்றும். வீதியின் கோடுகளும் அவ்வாறே. நேரான சமதரையில் அவை கூடும் புள்ளி படத்தில் எங்கே விழவேண்டும் என்பது முன்னரே தெரியும். அது விலகி விழுமாயின் விலகியது கமராவே என்று கணனி அறிந்துகொள்ளும்.

ஆயினும் ஒருமுறை கண்டதை நம்பிவிடலாகாது. வளைவிலும் மேட்டிலும் அப்புள்ளி இயல்பாகவே இடம் மாறும். ஆதலால் நேரான வீதியில், சீரான வேகத்திற் செல்லும்போது கண்ட பல அளவுகளைச் சேர்த்தே நிலையான சரிவு தீர்மானிக்கப்படுகின்றது. பிறேக் அழுத்தும்போது உண்டாகும் கணநேரத் தாழ்வை வேறாகப் பிரித்தறிதல் வேண்டும். மனிதர் நடக்கும்போது தலை அசைந்தாலும், உட்செவியிலுள்ள சமநிலை உறுப்பு அதனை உணர்த்த, கண் எதிர்த்திசையில் திரும்பிப் பார்வையை நிலைநிறுத்துகின்றது. வாகனத்தில் அசைவை உணரும் கருவிகள் இவ்வுதவியைச் செய்யவல்லன.

இத்துறையில் முன்னோடியாக விளங்கியவர் ஜேர்மனியின் மியூனிக் நகரைச் சார்ந்த இராணுவப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஏர்ன்ஸ்ட் டிக்மன்ஸ். அவரது குழுவினர் அமைத்த 5 தொன் எடையுள்ள வண்டி, 1987ஆம் ஆண்டில், போக்குவரத்துக்குத் திறக்கப்படாதிருந்த பெருந்தெருவில் மணிக்கு 96 கிலோமீற்றர் வேகம் வரை தானாகவே ஓடியது. 1995இல் அவர்களது மற்றொரு வாகனம் மியூனிக்கிலிருந்து டென்மார்க்கிலுள்ள ஓடென்ஸே நகருக்குச் சென்று மீண்டது. அப்பயணத்தின் பெரும்பகுதியைத் தானாகவே கடந்தது. அடுத்த படத்தில் எது எங்கே தோன்றும் என்று முன்கூட்டியே கணித்தல், தோன்றியதுடன் அதனை ஒப்பிடுதல், வேறுபாட்டுக்கேற்பத் தன் கணிப்பைத் திருத்துதல் என்பதே அவர் கையாண்ட வழி. பிழை நேராது என்று இருமாந்திராமல், பிழையை ஒவ்வொரு கணமும் தேடிக்கொண்டிருந்தமையே அவ்வழியின் வலிமை.

வாகனம் வைத்திருப்போர் செய்யத்தக்கவை சிலவே. கண்ணாடியைத் துப்புரவாக வைத்தல், சக்கரங்களின் காற்றைப் பேணுதல், எச்சரிக்கை விளக்கு எரிந்தால் அலட்சியம் செய்யாதிருத்தல், கண்ணாடியை மாற்றியபின் கமராவின் அளவைத் திருத்துவித்தல் என்பனவே அவை. இவற்றையெல்லாம் செய்த பின்னரும், சாரதியின் கண் வீதியிலேயே இருத்தல் வேண்டும். கமரா அவருக்குத் துணைக்கண்ணேயன்றி மாற்றுக்கண் அன்று.