கன்றுக்குப் பின்னால் பிள்ளை ஓடக்கூடாது
(மீள்குடியேறும் குடும்பங்களுக்கான கூட்டமொன்றில் கால்நடை உத்தியோகத்தர் ஒருவர் ஆற்றிய உரை)



ஊருக்குத் திரும்பியதும் உங்களில் பலர் முதலில் கேட்பது மாடும் ஆடும்தான். வீட்டுக்குக் கூரை போட முன்னமே கொட்டில் போட்டுவிடுகிறீர்கள். அது நல்லது. ஒரு பசுவும் கன்றும் ஒரு குடும்பத்தை நிமிர்த்திவிடும். ஆனால் இன்றைக்கு நான் பால் கணக்குக் கதைக்க வரவில்லை. பிள்ளைகளைப் பற்றிக் கதைக்க வந்திருக்கிறேன்.

உங்களுக்கு மாடு புதிதல்ல. பட்டி வைத்திருந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். உங்கள் பிள்ளைகளில் பலர் முகாமில் வளர்ந்தவர்கள். பசு எப்போது முட்டும், எப்போது உதைக்கும் என்று அவர்களுக்குத் தெரியாது. நீங்கள் சிறுவயதில் பார்த்துப் பழகியதை இவர்களுக்குச் சொல்லித்தான் கொடுக்கவேண்டும்.

முதலாவது விடயம் காணி. கன்று கயிற்றை அறுத்துக்கொண்டு பற்றைக்குள் ஓடினால், பிள்ளை யோசிக்காமல் பின்னால் ஓடும். அந்தப் பற்றைக்குள் மிதிவெடி இருக்கலாம், வெடிக்காத குண்டு இருக்கலாம், கட்டில்லாத பாழ்கிணறும் இருக்கலாம். மாடு நடந்து போன இடம் என்பதற்காக அது பாதுகாப்பான இடம் ஆகிவிடாது. மாட்டின் கால் படாத இடத்தில் பிள்ளையின் கால் படலாம். ஆகவே, வெடிபொருள் அகற்றி ஒப்படைக்கப்பட்ட காணியில் மட்டும் மேயவிடுங்கள். சந்தேகம் இருந்தால் கிராம அலுவலரிடம் கேளுங்கள். கன்று ஓடிவிட்டால் தாய்ப்பசுவை வளவுக்குள் கட்டிக் கத்தவிடுங்கள். பசி வந்தால் கன்று பெரும்பாலும் தாயைத் தேடி வரும். வராவிட்டால் போகட்டும். கன்று இன்னொன்று வாங்கலாம்.

இன்னுமொன்று. மண்டையோடு போட்ட பலகையையும், எல்லைக்கு நட்ட தடியையும், கட்டிய நாடாவையும் கொட்டில் போடவென்று பிடுங்கி வராதீர்கள். அதை நம்பித்தான் அடுத்த வீட்டுப் பிள்ளை நடக்கிறது.

இரண்டாவது, தாய்ப்பசு. சாதுவான பசுவும் கன்று ஈன்ற முதற் கிழமைகளில் வேறு பசுதான். கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் ஒருவரும் போகக்கூடாது. தலையைத் தாழ்த்துவது, மூச்சைச் சீறுவது, முன்காலால் நிலத்தைக் கிளறுவது எல்லாம் எச்சரிக்கை. அப்போது முதுகைக் காட்டி ஓடாமல் மெதுவாகப் பின்வாங்கவேண்டும். பசுவின் பின்பக்கமாகச் சத்தமில்லாமல் போகவும் கூடாது. குரல் கொடுத்து, அது பார்க்கத்தக்கதாகப் பக்கவாட்டில் போகவேண்டும். கன்றைத் தடவ ஆசைப்படும் பிள்ளையைப் பெரியவர் ஒருவர் கூட்டிக்கொண்டு போங்கள். தாயை முதலில் கட்டிவிட்டுத்தான் கன்றைத் தொடவிடுங்கள்.

கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ சுற்றிப் பிடிக்கப் பிள்ளைகளை விடாதீர்கள். கன்று வெருண்டு ஓடினால் பிள்ளையையும் இழுத்துக்கொண்டு போகும். விட்டால் கழன்று போகும்படி கயிற்றை மடித்துப் பிடிக்கப் பழக்குங்கள்.

ஆட்டுக்குட்டியின் நெற்றியில் கையை வைத்துத் தள்ளி விளையாடுவது பிள்ளைகளுக்குச் சந்தோஷம். குட்டி அதைப் பழகிக்கொள்ளும். கடாவாக வளர்ந்த பிறகும் அதே விளையாட்டைத்தான் விளையாடும். அப்போது பிள்ளையின் பல்லோ கையோ உடையலாம். நாம்பன் கன்றுக்கும் இதுதான். கழுத்தைத் தடவட்டும், நெற்றியைத் தள்ளவேண்டாம்.

மூன்றாவது, நோய். கன்று, குட்டி, கோழிக்குஞ்சு பார்க்கச் சுகமாக இருந்தாலும் அவற்றின் சாணத்திலும் எச்சத்திலும் வயிற்றோட்டத்தைக் கொண்டுவரும் கிருமி இருக்கலாம். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை அது கடுமையாகத் தாக்கும். குஞ்சைக் கொஞ்சி முத்தமிட விடாதீர்கள். படுக்கும் பாயிலும் சமைக்கும் இடத்திலும் விடாதீர்கள். தொட்ட பிறகு சவர்க்காரம் போட்டு 20 வினாடியாவது கை கழுவவேண்டும். கொட்டில் வாசலில் ஒரு வாளி தண்ணீரும் ஒரு துண்டுச் சவர்க்காரமும் வையுங்கள். கையெட்டும் தூரத்தில் இருந்தால்தான் பிள்ளை கழுவும். பாலை எப்போதும் பொங்கக் காய்ச்சிக் குடியுங்கள்.

கன்று போட்டால் இளங்கொடியை ஆலமரத்தில் கட்டுவது எங்கள் வழக்கம். கட்டுங்கள். ஆனால் வெறுங்கையால் தொடாதீர்கள். கையுறை இல்லாவிட்டால் பொலித்தீன் பையையாவது கையில் போடுங்கள். நாய் இழுக்கவும் விடாதீர்கள். கருச்சிதைந்த கன்றையோ குட்டியையோ கர்ப்பிணித் தாய்மார் கிட்டவும் போகவேண்டாம். கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவியுங்கள்.

கன்று வாயால் வீணீர் வடித்து, விழுங்க முடியாமல் நின்றால், தொண்டையில் ஏதோ இறுகிவிட்டது என்று வாய்க்குள் கையை விடாதீர்கள். அது விசர்நாய் கடித்த கன்றாக இருக்கலாம். அந்த வீணீர் பட்டாலோ, கடிபட்டாலோ, ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் ஊசி இலவசம். நோய்க்குறி வந்த பிறகு மனிதரைக் காப்பாற்ற மருந்து இல்லை.

கன்றுக்கும் ஒரு கடமை இருக்கிறது. பிறந்து முதல் இரண்டு மணித்தியாலத்துக்குள் கடும்புப்பாலைக் குடிக்கவிடுங்கள். கடும்பு குடித்த கன்றுக்கு நோய் குறைவு. கன்றுக்கு நோய் குறைந்தால் பிள்ளைக்கும் குறையும்.

இன்றைக்குப் பின்னேரம் வீட்டுக்குப் போனதும் பிள்ளைகளைக் கொட்டிலடிக்குக் கூட்டிப்போங்கள். எந்த இடம் வரைக்கும் போகலாம், எதற்கு அப்பால் போகக்கூடாது என்று கையால் காட்டுங்கள். பிறகு ஒரு கேள்வி கேளுங்கள்: "கன்று பற்றைக்குள் ஓடினால் என்ன செய்வாய்?"

"நின்றுகொண்டு அம்மாவைக் கூப்பிடுவேன்" என்று பிள்ளை சொல்லும் வரைக்கும் திரும்பத் திரும்பக் கேளுங்கள்.